காலியாகப் போகாத படகு

அம்மாடி,

வெள்ளிக்கிழமை காலையில் காசிமேட்டிலிருந்து படகை எடுக்கப்போவதாக நேற்று மருந்துக்கடைப் போனில் சொன்னாய். நான் "ஆங், ஆங், சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வது? மருந்து வாங்க வந்தவர்கள் மருந்தை மறந்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, போனைக் கையில் பிடித்தாலே எனக்குச் சண்டைக்குப் போகிற குரல்தான் வரும். சைக்கிள் கடை வைத்திருப்பவன் நாள் முழுக்கப் பேசுவதெல்லாம், "இன்னாய்யா, இந்த ரிம்மை வெச்சிகினு எப்படிய்யா ஓட்டினே" என்கிற பேச்சுதான். பெற்ற பெண்ணிடம் இதமாக நாலு வார்த்தை பேச நான் எங்கே பழகியிருக்கிறேன்? அதனால்தான் இன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீ ராமேஸ்வரம் போய்ச் சேருகிற வரைக்கும் வழியில் இருக்கிற குப்பங்களில் எல்லாம் நிறுத்தி, மீன்பிடிக்கிறவர்களை அந்தப் படகில் ஏற்றி இறக்கிக் காட்டப்போகிறாய். திரும்பி வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. நீ கிளம்புவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

உன் படகால் என் கடையில் வேலை நடப்பதில்லை, தெரியுமா? பஞ்சர் ஒட்ட வருகிறவன், காற்றடிக்க வருகிறவன், அரக்கோணத்து ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "உங்க பொண்ணு கட்டின படகு கவுந்தாலும் முழுகாதாமே, நெசமாங்க?" முதலில் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம், "நெசந்தான், நீயும் போய் ஏறிப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். வெளியே அப்படி அலுத்துக்கொள்கிறேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு இருக்கிற பெருமையை உன்னிடம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது, கண்ணு. உன்னைப் பெற்றவன் நான் என்று ஊரில் நாலு பேர் என்னைக் கைகாட்டும்போது, கையில் இருக்கிற ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கத் தோன்றாமல் நிற்கிறேன்.

இந்தக் கேள்வி உனக்கு நேற்று வந்ததில்லை. நீ பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் தெப்பம் பார்க்க உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டமெல்லாம் கைகூப்பி அரோகரா போட்டுக்கொண்டிருக்கிறது. நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, "நைனா, தெப்பம் கவுந்துச்சினா சாமி முழுகிடுமா, மிதக்குமா?" என்று அந்தக் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டாய். உங்கம்மா உன் வாயிலேயே ஒன்று போட்டாள். நீ அழவில்லை. "இல்லம்மா, தெரிஞ்சிகினா நல்லதுதானே" என்றாய். எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர் சாமியை விட்டுவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதற்கப்புறம் என் பஞ்சர் தொட்டி என்னுடையதாக இல்லை. உங்கம்மா தூக்கிப்போட்ட சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிடுவாய். கூழாங்கல் ஏற்றுவாய். அப்புறம் வேண்டுமென்றே அதைக் கவிழ்ப்பாய். மற்ற பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டால் அது கவிழக் கூடாதே என்று பதறும். நீ ஒருத்திதான் உன் கையாலேயே கவிழ்த்துவிட்டு, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். டப்பா முழுகிவிடும். ஒருநாள் அதை எடுத்துத் துடைத்து, பிய்ந்துபோன ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக அறுத்து, என் சொல்யூஷனை எடுத்து உள்பக்கம் ஓரமாக ஒட்டினாய். மறுபடி கவிழ்த்தாய். டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் அடியில் போகாமல் தலைகீழாக மிதந்துகொண்டே இருந்தது. நான் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, "எய்ந்து போடி, ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்று கத்துகிறேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இரு நைனா, இது எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாக்கணும்" என்றாய். அவசரமாக வந்த ஆள்கூட, "இருக்கட்டும்ங்க, நானும் பாக்கறேன்" என்று உன் பக்கத்தில் குந்திவிட்டார். அன்றைக்கு எனக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம்.

கப்பல் கட்டுகிற படிப்புக்குப் போகிறேன் என்று நீ சொன்னதும் சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு உனக்கு மறந்திருக்காது. "திருத்தணியில கடல் எங்கம்மா கீது?" என்று உன் பெரியப்பா கேட்டார். "இங்க இல்லன்னுதான் அது கீற எடத்துக்குப் போறேன் பெரிப்பா" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு டீயைக் குடித்தாய். வகுப்பில் பெண் நீ ஒருத்திதான் என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். கஷ்டம் என்று ஒரு வார்த்தை வீட்டில் வந்து சொன்னதில்லை. படித்து முடித்து ராயபுரத்தில் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தாய். அங்கே வருகிற மீன்பிடிக்காரர்களிடம் என்னென்னவோ விசாரித்துக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாய். "படகு கவுர்றதை யாராலயும் நிறுத்த முடியாது நைனா. கவுந்த பிறகு அது அடியில போயிட்டாத்தான் ஆளும் போறான். புடிச்சிக்க ஒண்ணு மேல நின்னுச்சினா போதும், யாராவது வர்ற வரைக்கும் தாங்குவான்." அதைச் சொன்னபோது உன் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. யாரை நினைத்துக்கொண்டு சொன்னாயோ, நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பிறந்ததுதான் இந்தப் படகு. பைபரில் செய்த சின்னப் படகு. நடுவில் ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஓர் அறை, அதற்கு ஒரு கூரை, ஒரு கதவு. முன்னாலும் பின்னாலும் படுக்கைப் பலகைக்கு அடியிலும் காற்றை மட்டும் அடைத்து வைத்த பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் திருகி மூடுகிற வட்ட மூடி, மூடிக்குள் ரப்பர் வாஷர். அறைக்குள் தண்ணீர் நிறைந்தாலும், இந்தப் பெட்டிகளில் காற்று இருக்கிற வரைக்கும் படகு முழுகாது என்று எனக்கு விளக்கினாய். பட்டறை முதலாளி, நீயே அனுபவப்பட்ட ஆள் ரெண்டு பேரை வைத்துக்கொண்டு போய்க் கடற்கரை நெடுகக் காட்டு என்று சொல்லிவிட்டார். உங்கம்மாதான் அசையவில்லை. கடலில் போவதற்கா உன்னைப் பெற்றேன் என்று ஒரு வாரம் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. நீ வேலைக்குப் போகிற பெண், கிளம்பிவிட்டால் யார் தடுக்க முடியும்? ஆனால், "அம்மா சரின்னு சொல்லாம நான் ஏறமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாய்.

கடைசியில் அவள் சொன்னாள். "எங்கண்ணு முன்னால அதைக் கவுத்துக் காட்டு. முழுகாம நின்னுச்சினா போ. முழுகிடுச்சினா, அப்புறம் இந்த ஊட்டுல கடல்ன்ற பேச்சே வரக் கூடாது." நீ யோசிக்கக்கூட இல்லை, "சரிம்மா" என்றாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷப் படிப்பையும் உழைப்பையும் அந்த ஒரு சொல்லில் அவள் கையில் கொடுத்துவிட்டாயே என்று இருந்தது.

புது லாரி, புது ஸ்கூட்டர், புது டிராக்டர் எல்லாம் பூஜைக்கு வருகிற ஊர்தான் நம்முடையது. ஆனால் படகு வந்து யாரும் பார்த்ததில்லை. போன கார்த்திகை மாதம், அடைமழை விட்டிருந்த நேரம். லாரியில் படகை ஏற்றிக்கொண்டு நீ வந்து இறங்கினபோது பஸ் ஸ்டாண்டில் இருந்த கூட்டம் அப்படியே பின்னால் வந்துவிட்டது. வளைவில் திருப்பும்போது படகின் வால் பாறையில் இடிக்கும் என்று டிரைவர் மலைமேல் ஏற்ற மறுத்துவிட்டதால் அடிவாரத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்தினோம். குருக்கள் சந்தனம் வைத்து மாலை போட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்மா, இதுக்கு டயர் எங்க?" என்றார். "படகுக்கு ஏதுங்க டயரு" என்றாய். "அப்ப பழத்தை எதுல நசுக்கறது?" அவருக்கு உண்மையிலேயே குழப்பம். லாரி டிரைவர்தான், "என் டயருக்கு வைங்க சாமி, இதைத் திருப்பி மெட்ராசுக்கு ஏத்திகினு போறவன் நான்தானே" என்று பிரச்சினையைத் தீர்த்துவைத்தான்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது உங்கம்மா மட்டும் படகின் பின்பக்கத்தில் இருந்த மூடியை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள இன்னாடி கீது?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, காத்துதான்." "காலியாவா?" "காலியா இருந்தாத்தாம்மா மிதக்கும்." அவள் மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கின கிண்ணத்தைக்கூடக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதவள் அவள். துளி சர்க்கரையாவது, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அவளிடம் போய், மகளோடு கடலுக்குப் போகிற பெட்டி காலி என்று சொன்னால்? நம் ஊர் ஏரியில் படகைக் கவிழ்த்துக் காட்டுவதற்காக நீ கரையில் ஆள் சேர்க்கப் போயிருந்தாய். நான் டிரைவரோடு டீக்கடையில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் உங்கம்மா ஒரு ஸ்டூலை லாரிக்குப் பின்னால் போட்டு ஏறி, அந்த மூடியைத் திருகித் திறந்து, ஒரு கைப்பிடி பச்சரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு, பொதட்டூர்பேட்டையில் தன் அண்ணன் தறியில் நெய்த சிவப்புத் துண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டாள். என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

ஏரி இந்த வருஷம் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிகிற அளவுக்கு நிரம்பியிருந்தது. பாசனத்துக்காரர்கள் வண்டிக்கயிறு கொண்டுவந்திருந்தார்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, மோட்டார் இருக்கிற இடத்திலும் ஆள் படுக்கிற இடத்திலும் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டினாய். அறையின் கதவை மட்டும் திறந்தே விட்டாய். கரையில் இருந்த ஒருவர், "கதவை மூடிட்டா தண்ணி உள்ள போவாதே பாப்பா" என்றார். "கவுர்ற நேரத்துல கதவு மூடியிருக்கும்னு யாருங்க சொன்னது? தொறந்துகினே கவுத்துப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்றாய். உன் பிடிவாதத்தைக் கண்டு நான் பலமுறை எரிச்சல் பட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உன்னைக் கும்பிடத் தோன்றியது. உன் அம்மாவின் சம்மதமே இதில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், அவளை ஏமாற்ற உனக்கு மனசு வரவில்லையே.

கயிற்றைப் படகுக்கு அடியில் விட்டு அந்தப்பக்க விளிம்பில் கட்டி, எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். நானும்தான் இழுத்தேன். படகு சாய்ந்தது, ஒருக்களித்துக் கொஞ்சம் நின்றது, அப்புறம் தலைகீழாகப் புரண்டது. பூஜைக்குப் போட்ட மாலை தனியாக மிதந்து போயிற்று. வெள்ளை அடிப்பாகம் மட்டும் மேலே தெரிந்தது. முழுகவில்லை. கரையில் கைதட்டினார்கள். அப்போதுதான் நான் பார்த்தேன். பின்பக்கத்து இடது மூலையில் குமிழி. ஒன்று ரெண்டு இல்லை, சரம் சரமாக வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் குமிழி பார்த்தே பிழைக்கிறவன் நான். குமிழி வந்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான், காற்று போகிறது. அந்த மூலை மெல்ல இறங்கியது. படகின் மூக்கு மேலே தூக்கியது. கைதட்டல் நின்றுபோனது. "எறங்குது, எறங்குது" என்று யாரோ சொன்னார்கள். உங்கம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுகினால் அவள் சொன்னபடி நீ வீட்டோடு இருப்பாய். அவளுக்கு வேண்டியதும் அதுதானே? ஆனால் அவள் வாய் என்னமோ, "முழுகக் கூடாது, முழுகக் கூடாது" என்றுதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் காதில் அது விழுந்தது. இது உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாய். "கயித்தைத் தளத்துங்க. யாரும் தொடாதீங்க" என்றாய். மூலை இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. குமிழியும் நின்றது. படகு கோணலாக, ஒரு பக்கம் தாழ்ந்து, ஆனால் மேலேயே நின்றது. காத்திருந்தோம். நின்றவர்கள் குந்தினார்கள், பீடி பற்றவைத்தார்கள், பேசி முடித்தார்கள். படகு அப்படியே இருந்தது. நீ இன்னொரு ஆளோடு அந்த அடிப்பாகத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, கரையிலிருந்து மேலும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு ஏற்றினாய். அப்போதும் தாங்கியது. பிறகு விளிம்பில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தீர்கள். படகு வயிறு நிறையத் தண்ணீரோடு புரண்டு நிமிர்ந்தது.

கரைக்கு இழுத்ததும் அந்த மூடியிடம் நான்தான் முதலில் ஓடினேன். மூடிக்கும் வாஷருக்கும் நடுவில் சிவப்புத் துணியின் நுனி மாட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் தண்ணீரோடு அரிசி கொட்டுகிறது, மஞ்சள் உருளுகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறி, "இன்னா காரியம் பண்ணி வெச்சிகீறே நீ" என்று கத்தினேன். உங்கம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலியா அனுப்பக் கூடாதேன்னு வெச்சேங்க. எம்பொண்ணை நானே முழுகடிக்கப் பாத்தேனே" என்று அழுதாள்.

நீ சொட்டச்சொட்ட வந்து அவள் பக்கத்தில் குந்தினாய். "அழாதம்மா. எனக்குத் தெரியும்" என்றாய். "இன்னா தெரியும்?" "தண்ணியில எறக்கும்போதே பாத்தேன். துண்டு நுனி வெளிய தெரிஞ்சுது." அவள் அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். "பாத்துட்டு ஏண்டி சும்மா இருந்தே? எடுத்துப் போட வேண்டியதுதானே. முழுகிடுச்சினா உன்னை உடமாட்டேன்னு சொல்லிகினு இருந்தேனே." அதற்கு நீ சொன்னது இருக்கிறதே, அது என் உயிர் இருக்கிற வரைக்கும் எனக்கு மறக்காது. "நீ வெச்சதை எடுத்துப் போட்டுட்டு மிதக்க வெச்சா, அது இன்னாம்மா படகு? கடல்லயும் யாராவது ஒருத்தர் மூடியைச் சரியா மூடாம உடுவாங்க. ஒரு பொட்டியில தண்ணி பூந்தாலும் மீதி தாங்கணும்னுதான் கணக்குப் போட்டேன். அது சரியான்னு எனக்கும் தெரியணும்ல."

சொன்னதோடு நிற்கவில்லை நீ. துண்டைப் பிழிந்து மடித்து, சிந்தாமல் மிச்சம் இருந்த அரிசியையும் மஞ்சளையும் அதிலேயே முடிந்து உள்ளே வைத்தாய். வாஷரைத் துடைத்து, மூடியை அவள் கையில் கொடுத்து, "இப்ப நீயே திருகும்மா" என்றாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். எல்லாரையும் கூப்பிட்டு மறுபடியும் கவிழ்த்தாய். குமிழி வரவில்லை. படகு பலகை போட்ட மாதிரி சமமாக மிதந்தது. உங்கம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போய்ட்டு வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாசி பிறந்து கடல் அமைதியாகட்டும் என்று காத்திருந்தாய். இப்போது கிளம்புகிறாய். உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நீ கெட்டிக்காரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. உன் அம்மா செய்த தப்பை நீ கண்டுபிடித்தாய், அதற்காக அவளை ஒரு சொல் சொல்லவில்லை, அதையும் உன் படகு சுமக்கும் என்று காட்டினாய். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். கத்தவும் செய்தேன். உன்னோடு வருகிற ஆட்களிடமும் நீ இப்படியே இரு. நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு போகிற வீட்டிலும் இப்படியே இரு. அதே தாராளத்தை உன்னிடமும் கொஞ்சம் காட்டு. அதைத்தான் நீ செய்யமாட்டாய். ஒரு கோடு தப்பினால் சோறு இறங்காது உனக்கு. நீயும் தப்பு செய்கிறவர்களில் ஒருத்திதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள். அப்புறம், கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டு நீந்தாதீர்கள் என்று மீன்பிடிக்காரர்களுக்கு நீ சொல்லிக்கொடுப்பதை நீயும் கடைப்பிடி. கரை பக்கத்தில் தெரிகிறதே என்று வீரம் காட்டாதே. படகைப் பிடித்துக்கொண்டே இரு. அதற்காகத்தானே அதைக் கட்டினாய்.

வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம். வழியனுப்பத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சோறு போடும்போது உங்கம்மா சொல்கிறாள், தானும் அதில் ஏறி ஒரு சுற்று வர வேண்டுமாம். பொய்கையில் முழங்கால் நனைகிற படியைத் தாண்டாதவள். "பயமா இல்லையாடி உனக்கு?" என்றேன். "கவுந்தாலும் மிதக்கும்ல? அப்புறம் இன்னாங்க பயம்?" என்று என்னையே கேட்கிறாள். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுத வந்துவிட்டேன், கண்ணு.

அவளை ஏற்றிக்கொள். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டு. ஆனால் ஒன்று. சுற்றி முடித்ததும் கையைப் பிடித்து நீயே அவளைக் கரையில் இறக்கிவிட்டுவிட்டுக் கிளம்பு. அவளாக இறங்கமாட்டாள்.

உன் நைனா